கூப்மன் வீட்டு டேங்க் தேறவில்லை

ஆர்டிஸ் ஹார்ம்ஸ் எந்த வீட்டுக்குப் போனாலும் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டித்தான் உள்ளே கொண்டுபோவாள். வண்டியின் மூக்கு எப்போதும் சாலையைப் பார்த்தே நிற்கும். சாவி அதிலேயே தொங்கும். கதவைச் சாத்துவதுபோல் லேசாகத் தள்ளுவாளே தவிர, பூட்டு விழும் சத்தம் கேட்காது. பதினைந்து வருஷமாக எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், எல்லோரும் பார்க்கிற காட்சி இது. காலையில் தானியக் கிடங்கில் காபி குடிக்கக் கூடுகிறவர்கள், “ஆர்டிஸ் வரும்போதே கெளம்பிப் போறா பாரு” என்று சிரிப்பார்கள். காதில் விழுந்தாலும் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

வேலைக்கு வந்த முதல் வசந்தத்தில் வந்த பழக்கம் அது. ஆற்றோரம் ஒரு வீடு. அவள் குனிந்து மண்ணைத் தோண்ட ஆரம்பிக்கும் முன்பே வீட்டுக்காரன் துப்பாக்கியோடு வந்தான். முதல் குண்டு வண்டியின் பின்சக்கரத்தைக் கிழித்தது. இரண்டாவது குண்டில் கதவுக் கண்ணாடி போயிற்று. தலையை இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு, கிழிந்த சக்கரத்தோடு, இருநூறு அடி பின்பக்கமாகவே ஓட்டிச் சாலையைப் பிடித்தாள். கழுத்திலிருந்து பதினோரு கண்ணாடிச் சில்லு எடுத்தார்கள். மறுநாள் கழுத்தில் கட்டோடு, கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரிப்பின் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போய், பார்க்க வேண்டியதைப் பார்த்து எழுதிவிட்டுத்தான் திரும்பினாள்.

அவள் செய்வது செப்டிக் டேங்க் சோதனை. அயோவா மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் சாலைக்கு அடியில் சாக்கடை ஓடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் கொல்லையில் ஒரு டேங்க் புதைந்து கிடக்கும். வீட்டை விற்க வேண்டுமானால் சான்றிதழ் வாங்கிய ஆள் ஒருவர் வந்து டேங்க்கைத் திறந்து, காலி செய்யச் சொல்லி, உள்ளே பார்த்து, அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். சரளைக்கல் பரப்பிய நீளக் குழிகளில் கசிந்து மண்ணுக்குள் இறங்கினால் சரி. வயல் வடிகுழாய் வழியாக நேரே ஓடைக்குப் போனால் தப்பு. தேறியது, தேறவில்லை, இரண்டில் ஒன்று. தேறாவிட்டால் விற்பனை அங்கேயே நிற்கும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் ஓடைக்குத்தான் போகிறது. ஆகவே ஆர்டிஸ் வருகிறாள் என்றால் யாருக்கும் முகம் மலராது. நாயை அவிழ்த்து ஏவியிருக்கிறார்கள். மண்வெட்டியை வீசியிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் சர்ச்சில் முதல் வரிசையில் உட்காரும் ஒரு பெரிய மனிதர் கொதிக்கிற காபியை அவள் முகத்தில் ஊற்றினார். தாடைக்குக் கீழே அந்தத் தோல் இன்றும் பளபளவென்று தனியாகத் தெரியும்.

அடி அவளுக்குப் புதிதில்லை. அவள் அப்பா ஓக்கோ யான்சென் செப்டிக் லாரி வைத்திருந்தார். டேங்க்குகளை உறிஞ்சிக் காலி செய்கிற வேலை. லைசென்ஸ், சான்றிதழ் என்ற பேச்சே இல்லாத காலம். உறிஞ்சியதை எந்த வயலில் வேண்டுமானாலும் திறந்துவிடலாம். அண்ணனின் கையை அவர் முறுக்கி ஒடித்த வாரத்தில் அண்ணன் வீட்டைவிட்டு ஓடிப்போனான். குழாய் இழுக்க ஆள் வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து ஆர்டிஸை நிறுத்தினார். குழாய் முனையில் பித்தளைப் பூட்டு ஒன்று இருக்கும். அவள் மெதுவாக இழுத்தால் அதாலேயே முதுகில் போடுவார். அடி எப்போது வரும் என்று அவர் தோளைப் பார்த்தே தெரிந்துகொள்ளப் பழகினாள். வாயைத் திறக்காமல் இருக்கவும், எதையும் விடாமல் பார்க்கவும் அந்த லாரியில்தான் படித்தாள்.

அவளுக்கு இருபத்துநாலு வயதானபோது ஒரு பன்றிப் பண்ணையில் அவர் டேங்க்குக்குள் இறங்கினார். அடியில் எதுவோ அடைத்திருந்தது. ஏணியில் நாலு படி போனதும் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மடிந்து விழுந்தார். உள்ளே இருந்த விஷ வாயு. பண்ணைக்காரன் “எறங்கு, எறங்கு, உங்கப்பன் சாகறான்” என்று கத்தினான். ஆர்டிஸ் மூடியின் ஓரத்தில் முழங்காலிட்டு, கை எட்டாத தூரத்தில் அவர் முகம் சகதிக்குள் அமிழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை. இறங்கப்போன பண்ணைக்காரனின் காலையும் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் மூக்கை உதைத்து உடைத்தான். அப்போதும் விடவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து பிணத்தைத் தூக்கினார்கள். ஊரில் ஒரு பாதி அவள் பயந்துவிட்டாள் என்றது. மறுபாதி, வேண்டுமென்றே சாகவிட்டாள் என்றது.

லைல் ஹார்ம்ஸ் என்ற கோழிப்பண்ணை லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் கை ஓங்காத ஒரே ஆண்பிள்ளை. பதினேழு வருஷம் இருந்துவிட்டு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

வீடு விற்கச் சோதனை வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவளுக்கு நாற்பத்துநாலு. இரண்டு நாள் வகுப்பு, பிறகு எழுத்துப் பரீட்சை. முப்பது ஆண்களுக்கு நடுவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற ஒருபோதும் இறங்காதே, இறங்க முயல்கிறவரைத் தடு. அந்த வரியைப் படித்துவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பாடம் எடுத்தவர் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக் கரும்பலகைத் துடைப்பானை எறிந்தார். பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினாள்.

கூப்மன் வீட்டு விஷயம் நடந்தது சில வருஷங்களுக்கு முன் ஒரு அக்டோபர் செவ்வாய்க்கிழமை. மக்காச்சோள அறுவடை பாதி முடிந்திருந்தது. டெல்மர் கூப்மனுக்கு ஐம்பது வயது. ஆள் கதவு மாதிரி அகலம். எல்லோரோடும் கலகலவென்று பேசுவான். அப்பா வைத்த பண்ணையைத் துண்டுதுண்டாக விற்றுவிட்டு, கடைசியில் வீட்டையும் விற்கிறான் என்று கேள்வி. வெள்ளிக்கிழமை கையெழுத்து. ஆர்டிஸின் சோதனை அறிக்கை மட்டும்தான் பாக்கி.

“வாம்மா, பீ டாக்டர்” என்றான் டெல்மர், படியில் நின்றபடி. “நோயாளி பின்னால இருக்கான். மூணு வருஷம் முன்னாடி நானே கையால வச்ச டேங்க். காயம்கூட இல்லாத குழந்தை அது. பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு கெளம்பு.”

“கவுண்டில அனுமதி வாங்கினீங்களா?” என்று ஆர்டிஸ் கேட்டாள்.

“என் வீட்டுக் கக்கூசுக்கு நான் யார்கிட்ட அனுமதி வாங்கணும்? கவர்னர்கிட்டயா?”

அவள் வீட்டுக்குள் போனாள். முதலில் கழிப்பறையில் பச்சைச் சாயத்தைக் கொட்டி, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட வேண்டும். பிறகு அந்தப் பச்சை எங்கே தலைகாட்டுகிறது என்று தேட வேண்டும். சாயத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது டெல்மரின் மனைவி ட்வைலா கதவருகே வந்து நின்றாள். ஒல்லியான பெண். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. கையில் துடைக்கிற துணி. துணியில் துடைக்க எதுவும் இல்லை.

“சத்தமாப் பேசாதீங்க” என்றாள் ட்வைலா. “அந்தக் கொல்லையில என்ன இருந்தாலும் சரி, தேறிடுச்சுன்னு போட்டுடுங்க.”

ஆர்டிஸ் கழிப்பறைச் சுவர்க் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை கையெழுத்தாச்சுன்னா என் பங்கு தனியா வந்துடும். டேவன்போர்ட்ல அக்கா வீட்டு மேல ரூம் காலியா இருக்கு. அவருக்குத் தெரியாது. வீடு நின்னுபோச்சுன்னா நானும் இங்கயே நிப்பேன். இந்தக் குளிர்காலத்தை நான் தாண்டமாட்டேன்.”

அதைச் சொல்லும்போது மழை வரும் என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். சட்டைக் கையை ஏற்றினாள். முழங்கைக்கு மேலே நாலு விரல் தடம், ஒரு கட்டைவிரல் தடம். பழசு மஞ்சளாகவும் புதுசு கருநீலமாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

“ஷெரிப்கிட்ட போனீங்களா?”

“போனேன். ரெண்டு தடவை. நான் மாடிப்படியில விழுந்தேன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. அவரும் ஷெரிப்பும் சேர்ந்து சிரிச்சு காபி குடிச்சாங்க. இந்த வீட்டுல மாடியே கெடையாது.”

ஆர்டிஸ் சாயப் புட்டியை மூடினாள். வெளியே வந்துவிட்டாள்.

கொல்லைப் புல்லில் நாலு வெள்ளைப் பிளாஸ்டிக் மூடிகள் வரிசையாகத் தெரிந்தன. சரளைக் குழிகளின் முடிவில் காற்று வாங்க நிற்கிற குழாய்களின் தலைகள். டெல்மர் அவற்றைக் காட்டி, “பாத்துக்கோ, நாலு குழி, ஒவ்வொண்ணும் அறுபதடி. முதுகு ஒடிஞ்சு போச்சு” என்றான். ஆர்டிஸ் தன் குத்துக்கம்பியை எடுத்தாள். மேலே குறுக்குப்பிடி வைத்த நாலரையடி இரும்புக் கம்பி. குழி இருந்தால் சரளையில் கம்பி நறநறக்கும். இங்கே குத்தினாள், களிமண். ஐந்தடி தள்ளிக் குத்தினாள், களிமண். என்றைக்கும் யாரும் தொடாத மண். இருபது இடத்தில் குத்திவிட்டு, ஒரு வெள்ளை மூடியைப் பிடித்து இழுத்தாள். இரண்டடிக் குழாய் ஒன்று முளைக்குச்சி மாதிரி அப்படியே கையோடு வந்தது. உள்ளே சிலந்தி வலை.

டெல்மர் முதலில் சிரித்தான். “சரி, மாட்டிக்கிட்டேன். நீ கெட்டிக்காரிதான். இப்ப அதைத் திரும்ப சொருகு.”

அவள் சொருகவில்லை. கீழே ஓடைப் பக்கம் நடந்தாள். கரையில் வடிகுழாயின் வாய் இருந்தது. அதிலிருந்து பச்சைத் தண்ணீர் சன்னமாக ஒழுகி, கல்லெல்லாம் பச்சையாகி, நாலடி கீழே மாடு தண்ணீர் குடிக்கிற இடத்தில் கலந்துகொண்டிருந்தது. படம் எடுத்தாள். படிவத்தை எடுத்தாள். பென்சிலைத் ‘தேறியது’ என்ற கட்டத்துக்கு மேல் வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். எந்த வீட்டிலும் அவள் பென்சில் அந்தக் கட்டத்துக்கு மேல் அப்படி நின்றதில்லை. ஒரு சின்னக் கோடு போட்டால் ஒரு பெண் பிழைத்துப் போய்விடுவாள். ஓடை பாட்டுக்கு ஓடும்.

கோடு போடாமல் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். டேங்க்கை இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமல் எதையும் எழுதக்கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது விதிதான். கொஞ்சம் தள்ளிப்போட ஒரு சாக்கும்தான்.

பத்து மணிக்கு ஆர்லோ ஸீம்ஸ் செப்டிக் லாரியோடு வந்தான். ஆர்லோ அவள் அப்பாவின் பழைய போட்டியாளனின் மகன். வாய் ஓயாதவன், கை சுத்தமானவன்.

“குட் மார்னிங், ராணி” என்று லாரியிலிருந்து குதித்தான். “இன்னைக்கு யாரும் உன்னைச் சுடலையா? நாள் இன்னும் இருக்கு, கவலைப்படாதே.”

“குழாயை இழு” என்றாள் ஆர்டிஸ்.

மூடியின் நாலு திருகாணிகளையும் கழற்றி, இரும்புக் கொக்கியால் மூடியைத் தூக்கிப் பக்கத்தில் சாய்த்தான். நாற்றம் மேலே வந்தது. குழாயை உள்ளே விட்டான். லாரியின் பம்ப் உறுமியது. பாதி இறங்கியபோது குழாய் விக்கியது, அடைத்துக்கொண்டது.

“கோழி!” என்று கத்தினான் ஆர்லோ. “எத்தனை பந்தயம்?”

எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம் அது. புது டேங்க் வைத்தால் செத்த கோழி ஒன்றை உள்ளே போடுவார்கள். அப்போதுதான் டேங்க் வேலை செய்ய ஆரம்பிக்கும் என்று நம்பிக்கை. ஒரு பயனும் இல்லை என்று பாடப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனாலும் போடுவார்கள். பூனை போட்டவர்கள் உண்டு. ஆர்லோ ஒருமுறை ஒரு முழு வான்கோழியையே எடுத்திருக்கிறான்.

குழாயை மேலே இழுத்தான். அதன் வாயில் சுற்றிக்கொண்டு வந்தது கோழி இல்லை. சிவப்பும் நீலமும் கோடு போட்ட ஒரு கழுத்துப்பட்டை. அதில் ஒரு தகடு. ஆர்லோ நீளப்பிடி வாரியை எடுத்து அடியில் துழாவினான். விலா எலும்புகள் வந்தன. பிறகு மண்டை ஓடு. ஆர்டிஸ் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். வலது கண்ணுக்கு மேலே முட்டைத்தோடு நொறுங்கியதுபோல் உள்பக்கமாக நொறுங்கியிருந்தது. வட்டமான நொறுங்கல். சுத்தியல் தலை அளவு.

ஆர்லோ போய் பம்ப்பை அணைத்தான்.

டேங்க்கில் கழிவல்லாத பொருள் எது இருந்தாலும் படம் எடுத்து எழுத வேண்டும். ஆர்டிஸ் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். தகட்டைக் கட்டைவிரலால் துடைத்தாள். வெறிநோய்த் தடுப்பூசித் தகடு. வருஷமும் எண்ணும் தெளிவாக இருந்தன.

“அது டஃபியோடது” என்றது ஒரு குரல். ட்வைலா சமையலறைப் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் அதே துணி.

“நீ உள்ள போ” என்றான் டெல்மர்.

“டஃபி ஓடிப்போச்சுன்னு சொன்னே.”

“செத்துக் கெடந்துச்சு. நீ அழுவேன்னு சொல்லல. புது டேங்க்குக்கு ஒண்ணு வேணுமேன்னு போட்டேன். எங்கப்பா கோழி போட்டாரு, நான் நாயைப் போட்டேன். என்ன இப்போ?”

ட்வைலா மண்டை ஓட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். விரலால் அந்த நொறுங்கலைத் தொட்டாள்.

“மூணு வாரம் தேடினேன். ஒவ்வொரு கம்பத்துலயும் படம் ஒட்டினேன்” என்றாள், மெதுவாக. “பக்கத்துல நின்னு பசை டப்பாவை யாரு பிடிச்சிருந்தது, டெல்மர்?”

டெல்மர் ஆர்டிஸின் பக்கம் திரும்பினான். “அந்தக் கேமராவைக் குடு.”

அவன் தோள் ஏறுவதை ஆர்டிஸ் பார்த்தாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். அது போதவில்லை. மூடி தூக்குகிற இரும்புக் கொக்கி அவன் கையில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. அது இடது காதின்மேல் விழுந்தது. உலகத்தின் ஒரு பக்கம் அணைந்துபோனது. அவள் முழங்காலில் விழுந்தாள். கேமரா சட்டைக்குள்ளே போயிருந்தது. எப்போது போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆர்லோ பாய்ந்து அவன் முதுகில் ஏறினான். டெல்மர் அவனை உதறித் தள்ளி, கொக்கியால் கழுத்தெலும்பில் ஓங்கி அடித்தான். காய்ந்த குச்சி முறிகிற சத்தம். ஆர்லோ புல்லில் சுருண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினான். டெல்மர் ஆர்டிஸின் முடியைப் பிடித்துத் திறந்திருந்த டேங்க்கின் பக்கம் இழுத்தான். அவள் நகங்கள் மண்ணில் கோடு கிழித்தன. தலை விளிம்பைத் தாண்டியது. கீழே இருட்டு. அழுகிய முட்டை நாற்றம் கண்ணை எரித்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“உங்கப்பன் போன எடத்துக்கே நீயும் போ” என்றான். “நின்னு வேடிக்கை பாத்தியாமே. இன்னைக்கு யாரு பாக்கறாங்கன்னு பாப்போம்.”

அப்போது அவன் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ட்வைலா ஆர்டிஸின் குத்துக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து அவன் முழங்கால் பின்னால் வீசியிருந்தாள். அவன் விழுந்தான். அவள் மறுபடி அடித்தாள். முழங்கால். மறுபடி. முட்டிச்சில் பிளந்து பேன்ட்டுக்குள் ரத்தம் இறங்கியது. அவன் கத்தினான். அவள் கத்தவில்லை, அழவுமில்லை. துணி துவைப்பதுபோல் ஒரே சீராக அடித்தாள். கை, விலா, மறுபடி முழங்கால். பிறகு கம்பியைத் திருப்பி, கூர்முனையைக் கீழே பார்க்கவைத்து, அவன் தொண்டைக்கு மேலே தூக்கினாள்.

ஆர்டிஸ் அவள்மேல் விழுந்தாள். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள். ட்வைலா அவள் கையைக் கடித்தாள். பல் எலும்புவரை போயிற்று. ஆர்டிஸ் விடவில்லை.

“விடு! நீ யாரு எனக்கு?”

“அவனுக்காக நீங்க உள்ள போகவேண்டாம்” என்றாள் ஆர்டிஸ், மூச்சிரைக்க. “குடுங்க. அதைக் குடுங்க.”

கடைசியில் ட்வைலாவின் விரல்கள் தளர்ந்தன. ஆர்டிஸ் கம்பியை மக்காச்சோள வயலுக்குள் வீசினாள். பிறகு முதலில் செய்தது, தவழ்ந்துபோய் டேங்க்கின் மூடியை இழுத்துப் போட்டு, நாலு திருகாணியையும் முடுக்கியது. காதிலிருந்து வழிந்த ரத்தம் மூடிமேல் சொட்டிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஷெரிப்புக்குப் போன் செய்தாள்.

ஆர்லோவை ஆம்புலன்ஸ் எடுத்துப்போனது. டெல்மரை இன்னொன்று. ஷெரிப்பின் ஆள் ட்வைலாவைக் காரில் ஏற்றப்போனார். அவள் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு ஆர்டிஸின் வண்டியருகே வந்தாள். ஆர்டிஸ் காதில் துண்டை அழுத்திக்கொண்டு, ஸ்டீயரிங்மேல் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“உங்க உயிரைக் காப்பாத்தினேன்” என்றாள் ட்வைலா.

“ஆமா.”

“அப்ப இப்பவாவது தேறிடுச்சுன்னு போடுங்க. வெள்ளிக்கிழமை அவர் ஆஸ்பத்திரியில இருந்தே கையெழுத்து போட்டுடுவாரு. நான் போயிடுவேன். உங்களுக்கு ஒரு கோடு. எனக்கு உயிரு.”

ஆர்டிஸ் ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். “நாளைக்கு அவன் வக்கீல் வருவான்” என்றாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள். “நீங்கதான் முதல்ல அடிச்சீங்கன்னு சொல்வான். நாங்க எலும்பைக் கொண்டுவந்து போட்டோம்னு சொல்வான். பாத்தவங்க நானும் ஆர்லோவும்தான். ஓடையில பச்சைத் தண்ணி போகுது, நான் தேறிடுச்சுன்னு எழுதினா, அப்புறம் நான் சொல்ற எதை யாரு நம்புவாங்க? ஒரு வரி பொய்யா இருந்தா இந்தத் தாளே செல்லாது. நாய் இருக்கற வரியும் செல்லாது.”

“எனக்கு வெள்ளிக்கிழமைதான் வேணும். கோர்ட்டு வேண்டாம்.”

ஆர்டிஸ் குனிந்து ‘தேறவில்லை’ என்ற கட்டத்தில் கோடு போட்டாள். ட்வைலா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வண்டிக் கண்ணாடிமேல் காறித் துப்பினாள்.

“ஒங்கப்பன் சாகறதை நின்னு வேடிக்கை பாத்தவ நீன்னு அந்த ஆளு சொன்னது சரிதான்” என்றுவிட்டு, ஷெரிப்பின் காருக்கு நடந்தாள்.

எச்சில் வழிந்து இறங்கும்வரை ஆர்டிஸ் அதைத் துடைக்கவில்லை. கீழே உள்ள வரிகளை நிரப்பினாள். டேங்க்கிலிருந்து எடுத்த வேறு பொருள்: நாய் எலும்புக்கூடு ஒன்று. மண்டையில் வலப்பக்கம் வட்டமான உள்நொறுங்கல். கழுத்துப்பட்டை, தகடு, எண். படங்கள் ஒன்பது. நேரம்.

வீடு வாங்க இருந்தவர்கள் புதன்கிழமையே பின்வாங்கினார்கள். ஆர்டிஸையும் ஆர்லோவையும் தாக்கியதற்கு டெல்மர் மேலும், அவனை அடித்ததற்கு ட்வைலா மேலும் கொலை முயற்சி வழக்குப் போட்டார்கள். ஜாமீன் கிடைக்கும்வரை அவள் ஆறு வாரம் கவுண்டிச் சிறையில் இருந்தாள். அந்த ஆறு வாரமும் ஆர்டிஸுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தான் போட்ட கோடு ஒரு பெண்ணைச் சிறையில் தள்ளிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். டெல்மர் சும்மா இருக்கவில்லை. ஆர்டிஸ் பொய் அறிக்கை எழுதினாள் என்று மாநிலத் தலைநகரில் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்துக்கு மனுப் போட்டான். அங்கிருந்து இரண்டு பேர் வந்து அறிக்கையை வரிவரியாகப் பார்த்தார்கள். கொல்லையில் தாங்களே தோண்டினார்கள். அவள் எழுதியது அத்தனையும் சரியாக இருந்தது. வானிலை என்ற கட்டத்தைக் காலியாக விட்டதற்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.

டெல்மரின் வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது அவன் வக்கீல் அவளை ஒரு மணி நேரம் நிற்கவைத்தார். ஆர்டிஸ் தரையைப் பார்த்தே பேசினாள். சத்தமாகப் பேசும்படி நீதிபதி மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

“பத்தாங்கிளாஸ் கூட முடிக்கலையாமே?” என்றார் வக்கீல்.

“இல்ல.”

“திருமதி கூப்மன் உங்களை வீடு தேறிடுச்சுன்னு எழுதச் சொன்னாங்களா?”

“ஆமா. ரெண்டு தடவை.”

“உங்க உயிரைக் காப்பாத்தினதா சொல்றீங்க. அவங்களுக்கு நீங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கீங்க இல்லையா?”

“ஆமா.”

“அப்ப அவங்க கேட்டபடி எழுதினீங்களா?”

“இல்ல. தேறலன்னு எழுதினேன். தேறல.”

வக்கீல் தாளைப் புரட்டினார். பிறகு தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். ஆர்டிஸின் சாட்சியத்தை நம்பி, ட்வைலா மேல் இருந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். டெல்மருக்கு ஐந்து வருஷம் கிடைத்தது. விவாகரத்தில் வீடு ட்வைலாவுக்கு என்று தீர்ப்பாயிற்று.

இன்று டெல்மர் வெளியே வந்து மிசூரியில் எங்கோ இருக்கிறான். வலது காலை இழுத்து நடக்கிறானாம். ஆர்லோவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. லாரியை மட்டும் ஓட்டுகிறான். ட்வைலா டேவன்போர்ட்டுக்குப் போகவில்லை. அந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறாள். கொல்லையில் முறையான அனுமதியோடு, சரளை போட்ட மூன்று குழிகள் இருக்கின்றன. மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால் அவள் ஆர்டிஸோடு பேசுவதில்லை. ஆர்டிஸும் பேசப் போவதில்லை. அவளுக்கு இடது காது கேட்காது. வயது ஐம்பத்தொன்பது. சான்றிதழைப் போன மாதம் புதுப்பித்தாள், இன்னும் இரண்டு வருஷத்துக்குச் செல்லும்.